நூறு வயதை நெருங்கும் தடம்: நிலையங்களின் கதையை நிலையங்களிலேயே எழுதுங்கள்

சென்னைக் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் தடத்தின் நூற்றாண்டுப் பொறுப்பை ஏற்கப்போகும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

1931-ஆம் ஆண்டு மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கியது. 2031 மே மாதத்தில் அதற்கு நூறு வயது நிறைகிறது. அந்த நாளை எப்படிக் கொண்டாடுவது என்று ஒரு கோப்பு என்றாவது உங்களில் ஒருவரின் மேசைக்கு வரும். அது வருவதற்குள் இந்த மடல் உங்களை வந்தடைய வேண்டும் என்றுதான் இப்போதே எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தடத்தில் சீசன் டிக்கெட்டில் போய்வருகிறவள் நான். எனக்கு முன்னால் என் அப்பா போய்வந்தார்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இந்தத் தடத்தில் உள்ள 18 நிலையங்களிலும் அந்தந்த நிலையத்தின் கதையை, அந்தந்த ஊரின் கதையை, நல்ல தமிழில் எழுதி நடைமேடையிலேயே வையுங்கள். வண்டிக்குக் காத்து நிற்கிறவர்கள் படிக்கட்டும். நிலையங்களைப் புதுப்பிக்கும்போது அந்தக் கதைக்குச் சாட்சியாக நிற்கும் பழைய பொருள்களை இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். முதல் வண்டிக்கு மாலை போடுவதும் சிறப்பு அஞ்சல் உறை வெளியிடுவதும் நடக்கட்டும், அதிலும் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் விழாவுக்கு மறுநாள் காலை எட்டு மணி வண்டிக்கு நிற்கும் கூட்டத்துக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டும்.

ஒரு தூணிலிருந்து தொடங்குகிறேன். இந்தத் தடத்தின் ஒரு நிலையத்தில் வேலியோரமாகப் பழைய தண்டவாளத் துண்டுகளைத் தூணாக நட்டிருக்கிறார்கள். ஓடித் தேய்ந்த தண்டவாளத்தை வீணாக்காமல் கூரைக்குக் காலாகவும் வேலிக்குக் கம்பமாகவும் நட்டுவிடுவது ரயில்வேயில் பழைய வழக்கம். ஆலையில் தண்டவாளத்தை உருட்டி எடுக்கும்போதே ஆலையின் பெயரையும் ஆண்டையும், பல சமயம் அதை வாங்கிய ரயில்வேயின் முதலெழுத்துகளையும் அதன் இடுப்பில் புடைப்பாகப் பதித்துவிடுவார்கள். நான் வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள தூணில் சாம்பலுக்கு மேல் பச்சை, பச்சைக்கு மேல் மஞ்சள் என்று பெயிண்ட் அடுக்கடுக்காக ஏறியிருக்கிறது. ஒருநாள் வண்டி தாமதமானபோது சும்மா விரலால் தடவிப் பார்த்தேன். எஸ், ஐ, ஆர் என்று மூன்று ஆங்கில எழுத்துகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. சற்றுத் தள்ளி 19 என்று இருந்தது. அடுத்த இரண்டு இலக்கங்கள் பெயிண்டுக்குள் அமிழ்ந்துவிட்டன.

எஸ்.ஐ.ஆர். என்றால் சவுத் இந்தியன் ரயில்வே. இந்தத் தடத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த கம்பெனி அதுதான். 1951 ஏப்ரலில் அது மற்ற இரண்டு ரயில்வேக்களோடு இணைந்து தெற்கு ரயில்வே ஆகிவிட்டது. கம்பெனி போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அதன் பெயர் ஒரு வேலித் தூணில் மிச்சமிருக்கிறது. எந்த நிலையம் என்று இங்கே எழுதாமல் விடுகிறேன். பழைய இரும்பை எடைபோட்டு வாங்குகிறவர்களின் கண்ணிலும் இந்த மடல் படலாம்.

இந்தத் தடத்தின் பெருமை நம் ஊர்க்காரர்களுக்கே பெரும்பாலும் தெரியாது. இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரியில் பம்பாயில் ஓடியது. ஆறே ஆண்டுகளில் சென்னையில் ஓடியது. பம்பாயில் ஓடியது அகலப் பாதையில். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் மட்டுமே இடைவெளி உள்ள மீட்டர் பாதையில், இந்தியாவிலேயே முதன்முதலாக மின்சார ரயில் ஓடியது இங்கேதான். அப்போது மேலே கட்டிய கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம் பாய்ந்தது. 1960-களில் அதை 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்றினார்கள். பிறகு அகலப் பாதை வந்தது. 2004 ஜூலையோடு மீட்டர் பாதை வண்டிகள் நின்றுபோயின. கம்பியில் ஓடிய மின்சாரமும் மாறியது, தண்டவாளமும் வண்டியும் மாறின. நகரில் 1895 முதல் ஓடிய டிராம் 1953-லேயே காணாமல் போய்விட்டது. மின்சார ரயில் மட்டும் அதே வழியில், ஏறத்தாழ 29 கிலோமீட்டர், இன்றும் விடிவதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறது.

இந்த விவரங்கள் புத்தகங்களில் இருக்கின்றன. நிலையங்களில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஏன் என்று கேட்டால், ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்தில் ஏறிய வண்டி அடுத்த நிலையத்தில் நின்றது. ஜன்னலோரம் இருந்த ஒரு சிறுமி பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “அம்மா, சானடோரியம் என்றால் என்ன?” என்று கேட்டாள். அம்மா, “இந்த ஊர் பேர்தான்” என்றார். அடுத்திருந்தவரைப் பார்த்தார். அவரும் தெரியாது என்று தலையசைத்தார். நான் வாய் திறப்பதற்குள் வண்டி கிளம்பி, சிறுமியின் கவனம் சுண்டல்காரரிடம் போய்விட்டது. அன்று நான் சொல்லாமல் விட்டதை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

சானடோரியம் என்றால் காசநோயாளிகளைத் தங்கவைத்துக் குணமாக்கும் இல்லம். காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்று, வெளிச்சம், சத்தான சாப்பாடு, ஓய்வு ஆகிய நான்கையும்தான் மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அப்படி ஓர் இல்லத்தை நிறுவி நடத்திய டாக்டர் டேவிட் சௌரிமுத்து, ஊர் திரும்பி, 1928-ல் தாம்பரத்துக்கு அருகே ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். அன்று அது நகரத்தின் புகைக்கு எட்டாத வெளி. பிறகு அரசு அதை ஏற்று நடத்தியது. இன்றும் அது நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. எச்.ஐ.வி. நோயாளிகளை மற்ற இடங்களில் தொடவே அஞ்சிய காலத்தில் அவர்களைச் சேர்த்துக்கொண்ட மருத்துவமனையும் அதுதான். பின்னாளில் அதே பகுதியில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்தது.

கதை அதோடு முடியவில்லை. அதே வண்டியில் தொடர்ந்து போனால் சேத்துப்பட்டு வரும். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அன்றைய சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனத்தோடும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் சேர்ந்து, காசநோய்க்கான ஓர் ஆய்வு மையத்தைச் சேத்துப்பட்டில் அமைத்தன. அதற்குள் மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் நோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்துத்தான் மருந்து கொடுக்க வேண்டுமா என்பது தெரியவில்லை. நெருக்கமான வீடுகளில், போதிய சாப்பாடு இல்லாமல் வாழ்ந்த சென்னை ஏழைகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். மற்றவர்களைச் சானடோரியத்தில் சேர்த்து அதே மருந்தைக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. படுக்கை கிடைக்காத ஏழைக்கும் வீட்டிலேயே சிகிச்சை உண்டு என்ற நிலை அதன் பிறகுதான் உறுதிப்பட்டது.

ஒரே தடத்தில் ஒரு நிலையம் பழைய சிகிச்சையின் பெயரைச் சுமக்கிறது. இன்னொரு நிலையத்துக்கு அருகே, அந்தச் சிகிச்சை இல்லாமலும் பிழைக்கலாம் என்று நிரூபித்தார்கள். இரண்டையும் இணைப்பது நாம் தினமும் ஏறி இறங்கும் வண்டி. இதைப் படிக்க ஐந்து நிமிடம் கூட ஆகாது. ஒரு வண்டியைத் தவறவிட்டவருக்கு அடுத்த வண்டி வருவதற்குள் அதைவிட அதிக நேரம் கிடைக்கும். அந்தச் சிறுமிக்கு இதைச் சொல்லும் ஒரு பலகை அன்று அங்கே இருந்திருக்கலாம்.

சானடோரியத்துக்கு அடுத்து குரோம்பேட்டை. இது கொஞ்சம் பழைய ஊர்ப்பெயர் போல ஒலித்தாலும், குரோமியம் என்ற உலோகத்தால் வந்த பெயர். நம் ஊரில் காலங்காலமாக ஆவாரம்பட்டையைக் கொண்டுதான் தோல் பதனிட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி, குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையைச் சென்னையில் பழக்கினார். பிறகு சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனி பல்லாவரத்தை ஒட்டி எழுந்தது. கம்பெனியைச் சுற்றி வளர்ந்த பேட்டை குரோம்பேட்டை ஆயிற்று. இந்தக் கதையை எழுதும்போது தோல் ஊறிய தொட்டிக்குள் இறங்கி நின்று வேலை செய்த தொழிலாளிகளையும் எழுதுங்கள். தோல் கழிவுகள் இந்தப் பகுதியின் நிலத்தடி நீரை என்ன செய்தன என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். பக்கத்திலேயே எம்.ஐ.டி. இருக்கிறது. சி. ராஜம் என்பவர் தம் வீட்டை விற்ற பணத்தைப் போட்டு 1949-ல் தொடங்கிய கல்லூரி அது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கேதான்.

பல்லாவரத்தையும் திரிசூலத்தையும் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாக எழுத அனுமதியுங்கள். ரயிலில் இருந்து பார்த்தால் கருங்கல் குன்றுகள் தெரியுமே, அவற்றைப் பார்த்துக்கொண்டே நான் வளர்ந்தேன். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். அது கற்கால மனிதன் செதுக்கிய கோடரி. இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததற்கு முதன்முதலாக அடையாளம் கண்ட சான்று அது. இந்திய வரலாற்றுக்கு முந்தைய காலத்தின் ஆராய்ச்சியே இந்தத் தடத்தின் ஓரத்தில்தான் தொடங்கியது என்று சொல்லலாம்.

அந்தக் குன்றுகளின் கல்லுக்கும் உலகறிந்த ஒரு பெயர் உண்டு. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் ஒரு கறுத்த கல் இருக்கிறது. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்பவர் அதை ஆராய்ந்து, பரங்கிமலை, பல்லாவரம் பகுதிக் குன்றுகளில் உள்ள கல்தான் அது என்று கண்டார். அந்தக் கல்வகைக்குச் சார்னோகைட் என்று பெயர் வைத்தார். இன்று உலகில் எந்த நாட்டு நிலவியல் மாணவரும் படிக்கும் பெயர் அது. திரிசூலத்தில் இறங்கி விமான நிலையத்துக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்குப் பின்னால் அந்தக் குன்று நிற்கிறது. பலகையோடு, அந்தக் கல்லிலேயே ஒரு துண்டை மெருகிட்டு, கையால் தொட்டுப் பார்க்கும் உயரத்தில் நடைமேடையில் வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள்.

பரங்கிமலைக்கு வந்தால் இன்னொரு தொடக்கம். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் இந்த மலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம். 57 நாள்கள் பிடித்தன. அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்துபோன நில அளவைதான் பின்னாளில் இமயம் வரை சென்றது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டதும் அந்த அளவையின் வழியேதான். பரங்கிமலையில் மின்சார ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு மாறுகிறவர்கள் அவசர அவசரமாகப் படியேறுவார்கள். அவர்கள் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, நடந்துகொண்டே படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

மீனம்பாக்கத்தைப் பற்றி ஒன்று. மின்சார ரயில் வந்த அடுத்த ஆண்டே, 1932 அக்டோபரில், கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாய்க்கு ஓட்டிவந்த அஞ்சல் விமானத்தை, அங்கிருந்து நெவில் வின்சென்ட் சென்னைக்கு ஓட்டிவந்தார். ஏர் இந்தியாவின் தொடக்கம் அந்தப் பயணம். கிண்டிக்கு 1794-ல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்த பொறியியல் கல்லூரி இருக்கிறது. சைதாப்பேட்டைக்கு அடையாறு, கோடம்பாக்கத்துக்குச் சினிமா. அவற்றை எழுத ஆள்கள் நிறைய இருக்கிறார்கள்.

மாம்பலம் எனக்கு மனதுக்கு நெருக்கமான நிலையம். இன்று தியாகராய நகர் என்றதும் நகைக்கடையும் துணிக்கடையும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த இடத்தில் ஒரு காலத்தில் நீண்ட ஏரி இருந்தது. 1920-களில் ஏரியைத் தூர்த்து நகர் அமைத்து, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பெயரை வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மின்சார ரயில் வந்தது. கடற்கரைப் பக்கம் வேலை, மாம்பலத்தில் வீடு என்ற வாழ்க்கை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அந்த ரயிலால்தான் கைகூடியது. 2023-ல் மாம்பலம் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பஸ் நிலையத்துக்கு 570 மீட்டர் நீளத்தில் ஆகாய நடைபாதை திறந்தார்கள். கீழே ரங்கநாதன் தெருவின் நெரிசலில் தோளோடு தோள் உரசி நடந்த தலைமுறை நான். அந்த நடைபாதையில் முதன்முறை நடந்தபோது என் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் அந்தத் தெருவை, மேலிருந்து, பார்த்தார். ஒரு நிலையத்துக்கு நல்லது செய்ய முடியும் என்பதற்கு அதுவே எனக்குச் சாட்சி. அந்த நடைபாதையின் சுவரில் ஏரியிருந்த காலத்து வரைபடம் ஒன்றை மாட்டினால், கால் நோகும்போது நின்று பார்க்க எல்லோருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

எழும்பூரைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. 1908-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம், ஹென்றி இர்வின் வடிவமைப்பு, சாமிநாதப் பிள்ளை கட்டியது, எல்லாம் பலருக்கும் தெரியும். என் கவலை வேறு. எழும்பூரின் கதை என்றால் தொலைதூர ரயில்களின் கதையாகவே எழுதிவிடுகிறார்கள். அதே எழும்பூரில் மின்சார ரயில் நடைமேடைகளும் உண்டு. தெற்கேயிருந்து விடிகாலையில் வந்திறங்கி, தூக்கக் கலக்கத்தில் மூட்டையோடு அந்த நடைமேடையைத் தேடி நடந்த எத்தனையோ பேருக்குச் சென்னையின் முதல் முகம் மின்சார ரயில்தான். கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது அவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

பூங்கா நிலையத்தில் காலையில் இறங்குகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கையில் பெரிய பழுப்பு உறை வைத்திருப்பார்கள். உள்ளே எக்ஸ்ரே. அரசுப் பொது மருத்துவமனைக்குப் போகிறவர்கள். பலருக்கு அது சென்னையில் தெரிந்த ஒரே நிலையம். பலகையில் முதல் வரியாக மருத்துவமனைக்குப் போகும் வழியை எழுதுங்கள். கதை அதற்குக் கீழே இருக்கட்டும்.

என் அப்பா பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். கடற்கரை நிலையம்தான் அவருக்குக் கடைசி நிலையம். சீசன் டிக்கெட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையின் பின்பக்கம் முருகன் படம் ஒன்றைச் செருகி வைத்திருப்பார். மீட்டர் பாதைப் பெட்டி அகலம் குறைந்தது. எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்தால் முழங்காலும் முழங்காலும் முட்டும். அப்படி முட்டிக்கொண்டு இருபது ஆண்டுகள் எதிரில் உட்கார்ந்து வந்த நான்கு பேர் அவருடைய கல்யாணப் பேச்சிலிருந்து என் கல்யாணப் பேச்சுவரை எல்லாவற்றிலும் கலந்துகொண்டார்கள். நான் வேலைக்குப் போக ஆரம்பித்தபோது மகளிர் பெட்டியில் பூக்கட்டுகிறவர்களுக்கும் கீரை ஆய்கிறவர்களுக்கும் நடுவே இடம் பிடிக்கக் கற்றேன். 2004-ல் மீட்டர் பாதை வண்டி நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், ஓய்வு பெற்றிருந்த அப்பா ஒருமுறை போய்வரலாம் என்று கூப்பிட்டார். தாம்பரத்தில் ஏறி, கடற்கரையில் இறங்கி, டீ குடித்துவிட்டு, அதே வண்டியில் திரும்பினோம். வழியில் அவர் அதிகம் பேசவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மீட்டர் பாதை வண்டிகளை ஓட்டிய மோட்டார்மேன்களும், கொடி காட்டிய கார்டுகளும், கேட் சாத்திய கேட்கீப்பர்களும், மேல்கம்பியைப் பழுதுபார்த்தவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பலருக்கு எழுபது, எண்பது வயது. அவர்களுடைய ஓய்வூதிய விவரம் உங்களிடம் இருக்கிறது. 2031 வரை காத்திருந்தால் பலர் இருக்கமாட்டார்கள். இப்போதே அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் தண்டவாளத்தை மூடியபோது வண்டியை எப்படி ஓட்டினார்கள், நேர்மின்னோட்டத்திலிருந்து மாறுமின்னோட்டத்துக்கு மாறிய நாள்களில் என்ன நடந்தது, கடைசி மீட்டர் பாதை வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோனவருக்கு மனம் எப்படி இருந்தது, இதெல்லாம் எந்தக் கோப்பிலும் கிடைக்காது. இந்த வேலைக்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவியும், கேட்கத் தெரிந்த இரண்டு இளைஞர்களும் போதும்.

பலகைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். கைப்பேசியில் படம் பிடித்தால் கதை திறக்கும் என்று ஒரு கட்டத்தை ஒட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். கூட்டத்தில் ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் பையையும் பிடித்திருப்பவர் கைப்பேசியை எங்கே எடுப்பார்? கண்ணால் படிக்கும்படி எழுதுங்கள். உட்காரும் பெஞ்சுக்கு எதிரே வையுங்கள், இரவிலும் வெளிச்சம் விழட்டும். உயரம் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டினால் போதும், பெரியவர்கள் குனிந்து படித்துக்கொள்வார்கள். திறந்து வைத்தவர்களின் பெயர்ப் பட்டியலை ஓரமாகச் சிறிய எழுத்தில் போடுங்கள். ஆங்கிலத்தில் எழுதியதை மொழிபெயர்த்து ஒட்டாமல், தமிழில் எழுதத் தெரிந்தவரிடம் கொடுத்துத் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். பிழை இல்லாமல் அச்சிடுங்கள். நிலையப் பெயர்ப் பலகையில் ஓர் ஒற்றெழுத்து விடுபட்டாலும் தினமும் ஆயிரம் கண்கள் அதைக் கவனிக்கின்றன. சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இதைச் செய்துபார்க்க முன்மாதிரி வெகுதூரத்தில் இல்லை. கடற்கரைக்கு அடுத்த நிலையமான ராயபுரத்தில் 1856-ல் திறந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பம்பாயிலும் தாணேயிலும் கட்டிய முதல் நிலையங்கள் போய்விட்டதால், இந்தியாவில் எஞ்சி நிற்பவற்றில் மிகப் பழையது அதுதான். 2005-ல் அதைப் புதுப்பித்தார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது எளிதாக இருந்திருக்கும். ஆனாலும் தூண்களைத் தூண்களாகவே விட்டுவைத்தவர்கள் உங்களுக்கு முன்னால் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றியையும் இந்த மடலிலேயே சேர்த்துவிடுகிறேன்.

18 நிலையங்களையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. சானடோரியத்தில் தொடங்குங்கள், அடுத்து சேத்துப்பட்டு. அந்த இரண்டு பலகைகளுக்கான வாசகத்தை எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் திருத்தி எடுத்துக்கொள்ளலாம், என் பெயர் வேண்டாம்.

நான் சொன்ன தூணையும் உங்களுக்குக் காட்டுகிறேன். நடைமேம்பாலத்தின் படியிலிருந்து ஏழாவது தூண். பகலில் வந்தால் வெறும் மஞ்சள் பெயிண்ட்தான் தெரியும். மாலை ஐந்து மணிக்கு மேல் வெயில் மேற்கேயிருந்து சாய்வாக விழும்போது வாருங்கள். அந்த நேரத்தில் எழுத்துகளின் நிழல் பெயிண்டின் மேல் விழுகிறது. மறைந்துபோன அந்த இரண்டு இலக்கங்களையும் ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். தாளும் பென்சிலும் என் பையில் இருக்கின்றன.

அன்புடன்,
இந்தத் தடத்தின் நெடுநாள் பயணி ஒருத்தி